கிராம சபைக்குப் போய் என்ன ஆகப் போகுதுனு கேட்ட தம்பிக்கு

தம்பி, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சுட்டுத்தான் எழுத உக்காந்தேன். "வயசு 24, எங்க ஊர்ல கிராம சபைனு கூப்பிடுறாங்க, போனா நோட்டுல கையெழுத்து வாங்குறாங்க, டீ குடிச்சிட்டு வந்துடுறோம், எங்க தெருவுல இருந்து ஸ்கூலுக்குப் போற ரோடு நாலு வருஷமா அப்படியே கிடக்கு, இதுக்குப் போறதும் போகாததும் ஒண்ணுதானே, இந்த சபைக்கு நிஜமாவே பவர் இருக்கா"னு கேட்டிருக்கீங்க. பாத்தா சட்டம் சம்பந்தமான கேள்வி மாதிரி இருக்கு, ஆனா நீங்க கேக்குறது அது இல்லனு நினைக்கிறேன். நாங்க பத்து பேர் எந்திரிச்சு ஒண்ண சொன்னோம், அத ஒருத்தர் காதுலயே வாங்காமப் போயிட்டாரு, அவருக்கு ஏதாவது ஆகுமா ஆகாதா, இதுதான உங்க கேள்வி? அதுக்கு ஒத்த வரியில பதில் சொல்ல முடியாது, அதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

நான் இருபது வருஷத்துக்கு மேல ஊராட்சித் தலைவர்களுக்கும் வார்டு மெம்பர்களுக்கும் பயிற்சி குடுக்குற வேலையில இருந்தவன். வட மாவட்டத்துலதான் அதிகம், தெக்க கொஞ்சம். நூறு நூத்தம்பது கிராம சபையில கடைசி வரைக்கும் உக்காந்து பாத்திருப்பேன். வக்கீல் இல்ல, கோர்ட்டு விஷயத்துல நான் சொல்றது படிச்சுத் தெரிஞ்ச அளவுதான், கேஸ் போடுற நிலைமை வந்தா ஒரு வக்கீலத்தான் பாக்கணும்.

உறுதியா சொல்லக்கூடியத முதல்ல சொல்லிடுறேன். 1992 டிசம்பர்ல பார்லிமென்ட்ல 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நிறைவேறுச்சு, 1993 ஏப்ரல் 24ல அமலுக்கு வந்துச்சு. அந்த ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்குற அத்தனை பேரும் சேர்ந்ததுதான் கிராம சபைனு அதுல தெளிவா இருக்கு. அப்ப நீங்க யார்கிட்டயும் கேட்டு உள்ள போக வேண்டியதில்ல, ஓட்டு இருந்தா நீங்க உறுப்பினர், தலைவரே மாறினாலும் நீங்க மாற மாட்டீங்க. ஆனா அந்த சபை என்னென்ன செய்யலாம்கிறத 243ஏ பிரிவு மாநில சட்டசபை கையில விட்டுடுச்சு, மாநிலம் குடுத்தா உண்டு குடுக்கலன்னா இல்ல, ஊருக்கு ஊர் நிலைமை மாறுறதுக்கு இங்கதான் ஆரம்பம். பக்கத்துல கேரளாவுல 1996ல மக்கள் திட்டம்னு ஆரம்பிச்சு மாநிலத் திட்டப் பணத்துல 35லருந்து 40 சதவீதம் வரைக்கும் உள்ளாட்சிக்குனு ஒதுக்குனாங்க, கையில காசு இருந்ததால அங்க கூட்டத்துல பேசுறதுக்கு ஒரு அர்த்தம் வந்துச்சு. நம்மகிட்ட 1994ல வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இருக்கு. அதோட மூணாவது பிரிவு என்ன சொல்லுதுனா ஊராட்சியோட திட்டத்துக்கு ஒப்புதல் குடுக்குறது, வருஷ பட்ஜெட்டுக்கு ஒப்புதல் குடுக்குறது, போன வருஷ தணிக்கை அறிக்கைக்கு ஒப்புதல் குடுக்குறது, நடக்குற திட்டமெல்லாம் எந்த நிலைமையில இருக்குனு பாக்குறது, இதெல்லாம் கிராம சபையோட வேலை. ஒப்புதல் குடுக்குற உரிமை இருக்குனா மறுக்குற உரிமையும் இருக்குனுதானே அர்த்தம்? நான் போயிருந்த கூட்டங்கள்ல இந்த ரெண்டாவது பாதிய யாரும் வாய்விட்டு சொல்லி நான் கேட்டது ரொம்பக் கம்மி.

கூட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2னு ரொம்ப வருஷமா நாலு தடவ நடந்துட்டு இருந்துச்சு, 2022ல மார்ச் 22 தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேத்து ஆறு ஆக்குனாங்க. ஏழு நாளைக்கு முன்னாடி நோட்டீஸ் குடுக்கணும். குறைஞ்சபட்சம் இத்தனை பேர் வரணும்னு ஒரு கணக்கு உண்டு, ஊர் ஜனத்தொகை 500க்குள்ளனா 50 பேர், 3,000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேலனா 300. இந்தக் கணக்குதான் கையெழுத்து விஷயத்துக்கு வேர். கூட்டம் செல்லணும்னா ஆள் கணக்கு வேணும், அதனால நிறைய ஊர்ல 100 நாள் வேலைக்கு வர்ற அம்மாக்கள காலையிலயே கூட்டிட்டு வந்து உக்கார வச்சு, அஜெண்டா படிக்கிறதுக்கு முன்னாடியே நோட்ட சுத்த விட்டுடுறாங்க. வந்ததுக்கு கையெழுத்து தனி, தீர்மானத்துக்கு சம்மதிச்ச கையெழுத்து தனினு அங்க உக்காந்திருக்குறவங்களுக்குத் தெரியாது, ரெண்டும் ஒரே நோட்டுல, முன்னாடி பக்கம் பின்னாடி பக்கம், அவ்ளோதான். அதனால நீங்க டீ குடிச்சிட்டு வந்த அன்னிக்கு நீங்க எதுக்கெல்லாம் சம்மதம் சொன்னதா அந்த நோட்டுல இருக்குனு உங்களுக்கே தெரியாது. இதுக்கு நான் அந்த அம்மாக்கள குத்தம் சொல்லவே மாட்டேன், கையெழுத்து போடலன்னா நாளைக்கு வேலைக்கு பேர் வருமோ வராதோனு ஒரு பயம் அவங்களுக்கு, அந்தப் பயம் நியாயமானது.

வருஷம் ஞாபகம் இல்ல, பத்து பன்னெண்டு வருஷம் இருக்கும், ஒரு அக்டோபர் 2 கூட்டம். புளியமரத்தடி, ஸ்கூல் பெஞ்சு நாலு, தலைவர், செயலர், கூட்டம் ஒழுங்கா நடக்குதானு பாக்க ஒன்றியத்துல இருந்து வந்த பற்றாளர். பேச்செல்லாம் முடிஞ்சு எல்லாரும் எந்திரிச்சு வேட்டியில மண்ணத் தட்டுறாங்க. கடைசி வரிசையில தரையில உக்காந்திருந்த ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், எந்திரிக்கவே இல்ல. செயலரப் பாத்து, "தம்பி, எழுதினத ஒருக்கா வாசி" அப்படின்னாங்க. அவரு, "எல்லாம் எழுதியாச்சு ஆயா, வூட்டுக்குப் போ"னாரு. "எனக்குத்தான் எழுத்து தெரியாது, அதான் வாசிக்கச் சொல்றேன், எங்க தெரு மோட்டார் பத்தி என்ன எழுதின?" அந்தப் பையன் நோட்டத் திருப்பித் திருப்பிப் பாக்குறான், மோட்டார் பத்தி ஒரு வரி கூட அதுல இல்ல, ஏன்னா அந்தப் பக்கத்த அவன் ஊர்ல இருந்து கிளம்பும்போதே, மேல இருந்து வந்த அஜெண்டாவப் பாத்து எழுதிட்டு வந்துட்டான். யாரும் சத்தம் போடல. போனவங்க ஒவ்வொருத்தரா திரும்பி வந்து மறுபடி உக்காந்தாங்க. அந்த அம்மா சொல்லச் சொல்ல அவன் எழுதுறான், "நாலு மாசமா மோட்டார் ஓடல, பொம்பளைங்க அடுத்த ஊர் வயக்காட்டுக் கிணத்துக்குப் போறோம், தீபாவளிக்குள்ள சரி பண்ணணும்". எழுதி முடிச்சு வாசிச்சதுக்கு அப்புறம்தான் அவங்க எந்திரிச்சாங்க. மோட்டார் தீபாவளிக்குள்ள வரல, கார்த்திகையிலதான் வந்துச்சு, ஆனா வந்துச்சு, ஏன்னா அடுத்த வாரம் பி.டி.ஓ ஆபீஸ்ல அந்தத் தீர்மான நகலத்தான் காட்டிக் கேட்டாங்க. இருபது வருஷத்துல எனக்குப் பாடம் எடுத்தவங்க நிறைய பேர், அதுல அந்த அம்மாவுக்குத்தான் முதல் இடம். கூட்டத்துல எவ்வளவு சத்தமாப் பேசுனாலும் அது காத்தோட போயிடும், நோட்டுல ஏறுனதுதான் ஒன்றியத்துக்குப் போகும், தணிக்கைக்குப் போகும், கோர்ட்டுக்கும் போகும். அதனால எதையாவது பேசிட்டீங்கன்னா அது எழுதுற வரைக்கும், எழுதினத வாசிக்கிற வரைக்கும் அந்த இடத்த விட்டு எந்திரிக்காதீங்க.

அஜெண்டா பத்திச் சொல்லணும். மாநிலம் பூரா 12,000க்கு மேல கிராம ஊராட்சி இருக்கு, எல்லாத்துக்கும் சென்னையில இருந்து ஒரே அஜெண்டா வரும், டெங்கு, பிளாஸ்டிக், மழைநீர் சேகரிப்பு, ஒவ்வொரு திட்டத்தோட பேரா பத்துப் பதினஞ்சு பொருள். எல்லாம் தேவையானதுதான், ஆனா உங்க ஊர் ரோடு அதுல எங்கயும் இருக்காது, கடைசியில "இதர பொருள்"னு ஒரு வரி இருக்கும், அதுக்குள்ள வெயில் ஏறி ஜனம் கலைஞ்சிருக்கும். அதுக்கு நான் கண்ட வழி ஒண்ணுதான், நோட்டீஸ் வந்த உடனே ஒரு பக்கத்துல மனு எழுதி, தெருக்காரங்க இருபது முப்பது பேர் கையெழுத்தோட தலைவர்கிட்டயோ, தலைவர் இல்லாத காலத்துல அவர் இடத்துல அரசு போடுற தனி அலுவலர்கிட்டயோ குடுத்து, ஒரு நகல்ல தேதியோட சீல் வாங்கிடணும், "இத கூட்டப் பொருள்ல சேருங்க"னு. வாங்க மாட்டேனு சொன்னா ரிஜிஸ்டர் தபால்ல அனுப்புங்க. அப்புறம் அது திடீர்னு கிளம்புன பேச்சு ஆகாது, முன்னாடியே குடுத்த பொருள் ஆயிடும்.

அடுத்தது காசு. ஒவ்வொரு கூட்டத்துலயும் ஊராட்சியோட வரவு செலவ மக்கள் முன்னாடி வைக்கணும், படிவம் 30னு சொல்லுவாங்க, சில ஊர்ல ஃபிளக்ஸ்ல அடிச்சே மாட்டிருப்பாங்க. அதப் பாக்குறவங்க கம்மி, பாத்தாலும் மொத்தத் தொகையப் பாத்து மலைச்சுப் போய் வந்துடுறாங்க. நான் பயிற்சியில சொல்றது, மொத்தத்தப் பாக்காதீங்க, உங்களுக்கு கண்ணால எண்ணத் தெரிஞ்ச ஒரே ஒரு வரிய எடுத்துக்கோங்க. ஒரு ஊர்ல காலேஜ் படிக்கிற பையன் ஒருத்தன் தெருவிளக்கு பராமரிப்புங்கிற வரிய எடுத்தான், அதுல இத்தனை பல்பு மாத்துனதா இருந்துச்சு, அவனும் ஃபிரண்டும் ராத்திரி ஏழு மணிக்கு சைக்கிள்ல கிளம்பி எல்லாத் தெருவையும் சுத்தி எத்தன கம்பம், எத்தன எரியுது, எத்தன எரியலனு ஒரு நோட்டுல குறிச்சான். அடுத்த கூட்டத்துல அவன் யாரையும் திருடன்னு சொல்லல, "இந்த நோட்டுல இருக்குறதும் அந்த ஃபிளக்ஸ்ல இருக்குறதும் ஒத்துப்போகல, எந்தத் தெருவுல எத்தன மாத்துனீங்கனு கம்பம் நம்பரோட சொல்லுங்க"னு மட்டும் கேட்டான். தலைவரால பதில் சொல்ல முடியல, ஒரு வாரத்துல பாதி விளக்கு எரிய ஆரம்பிச்சுது. பழைய பல்பு காசு எங்க போச்சுங்கிறது கடைசி வரைக்கும் வெளிய வரல, அதையும் சொல்லணும், எல்லாக் கேள்விக்கும் பதில் கிடைச்சுடும்னு நான் உங்களுக்கு நம்பிக்கை குடுக்க விரும்பல. இப்ப இன்னும் ஒரு வசதி, இ-கிராம்ஸ்வராஜ்னு மத்திய அரசு வெப்சைட் இருக்கு, அதுல உங்க ஊராட்சியோட திட்டம், செலவு எல்லாம் ஊர் பேர் போட்டே பாக்கலாம். 15ஆவது நிதிக்குழு பணம் வந்தப்போ 60 சதவீதம் குடிதண்ணி, சுகாதாரத்துக்குனு கட்டிவச்ச பணம், மீதி 40 ஊர் தேவைக்கு எடுத்துக்கலாம்னு விதி. ரோடு கேட்டப்போ "அந்தப் பணத்துல போட முடியாது"னு சொன்னாங்கன்னா எந்தப் பங்கப் பத்திச் சொல்றாங்கனு கேக்கத் தெரியணும்.

கணக்குனு வந்ததும் உத்திரமேரூர் ஞாபகம் வருது, கிராம சபை பத்திப் பேசுனாலே யாராவது அந்தக் கல்வெட்ட எடுத்துடுவாங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துது, ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தினது, ஊர 30 குடும்புனு, அதாவது வார்டு மாதிரி, பிரிச்சு குடவோலை போட்டு வாரியங்கிற குழுவுக்கு ஆள் எடுத்தாங்க, எனக்கும் அதுல பெருமைதான். அதுல எனக்குப் பிடிச்சது குடவோலை இல்ல, வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவனும் அவன் சொந்தக்காரங்களும் மறுபடி நிக்கக் கூடாதுனு வெட்டி வச்சிருக்காங்க பாருங்க, அதுதான். ஆனா அதே கல்வெட்டு சொந்த நிலம் வச்சிருக்கணும், வேதம் படிச்சிருக்கணும்னும் சொல்லுது, அது பிராமணர் ஊரோட சபை, உழுதவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் அதுல இடம் இல்ல. அதனால அத இன்னிக்கு கிராம சபைக்கு அப்பன்னு சொல்றது சரியில்லனு எனக்குப் படுது. ஓட்டு இருந்தா போதும், நீ உறுப்பினர்ங்கிறது 1993க்கு அப்புறம் வந்த விஷயம், அதுக்கு மதிப்பு தனி.

இப்ப உங்க கேள்வியோட நடு இடத்துக்கு வர்றேன், தீர்மானம் போட்டா கட்டுப்படுத்துமா. இதுல உறுதியானது ஒரு பங்கு, இழுபறியானது ஒரு பங்கு. ஊராட்சி சட்டத்துல 110ஆவது பிரிவுல ஊராட்சி செஞ்சே ஆகணும்னு இருக்குற வேலைங்க, ஊராட்சி ரோடு, விளக்கு, சாக்கடை, குடிதண்ணி இந்த மாதிரி, இதுல நீங்க போடுற தீர்மானத்த தள்ளிட்டுப் போறது தலைவருக்குக் கஷ்டம், ஏன்னா அது அவரோட சொந்தக் கடமை. ஆனா வேற துறையோட கையில இருக்குறது, டாஸ்மாக் கடை, கல்குவாரி, ஹைவேஸ் ரோடு, இதுக்கெல்லாம் வேற சட்டம் வேற அதிகாரி, அங்க உங்க தீர்மானம் ஒரு கோரிக்கையாத்தான் போய் நிக்கும். டாஸ்மாக்குக்கு ஸ்கூல், கோயில்ல இருந்து ஊராட்சிப் பகுதியில 100 மீட்டர் தள்ளி இருக்கணும்னு விதி உண்டு, அந்த தூரத்த அளந்து தீர்மானத்துலயே எழுதிட்டீங்கன்னா அது வலு, "கடை வேண்டாம்"னு மட்டும் எழுதுனா கலெக்டர் ஆபீஸ் ஃபைல்ல போய் படுத்துடும். என் அனுபவத்துல கடையை மூட வச்ச ஊரெல்லாம் தீர்மானத்தோட நிக்கல, வாராவாரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு அதே நகல எடுத்துட்டுப் போனவங்க.

சபை சொன்னதே கடைசி வார்த்தைனு ஆன இடமும் இருக்கு. ஒடிசாவுல நியமகிரி மலை, வேதாந்தா கம்பெனி அலுமினியத்துக்காக பாக்ஸைட் வெட்ட வந்துச்சு, 2013 ஏப்ரல் 18ல சுப்ரீம் கோர்ட்டு அங்க இருக்குற கிராம சபைங்களே முடிவு சொல்லட்டும்னு தீர்ப்பு குடுத்துச்சு, அந்த வருஷமே 12 ஊர்ல கிராம சபை கூடி, டோங்ரியா கோந்துங்கிற பழங்குடி ஜனங்களும் மத்தவங்களும் 12லயும் வேண்டாம்னாங்க, சுரங்கம் வரல. ஆனா அங்க அவங்களுக்குப் பின்னாடி 2006 வன உரிமைச் சட்டம் நின்னுச்சு, அதுல கிராம சபைக்குனு எழுதி வச்ச உரிமை இருக்கு. நம்ம ஊர்லயும் மலை, காடு சார்ந்த ஊருக்கு அந்தச் சட்டம் பொருந்தும், சமவெளியில இருக்குற உங்க ஊருக்கு அப்படி ஒரு சட்டம் இல்ல, அதனால நியமகிரிய காட்டி நம்மளாலயும் முடியும்னு நேரா சொல்லிட முடியாது.

அதுக்காக வெறுங்கைனும் நினைக்க வேண்டாம். மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்ச இடம், 2024 நவம்பர்ல அங்க டங்ஸ்டன் சுரங்க ஏலம் ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனிக்குப் போச்சுனு தெரிஞ்சது. அந்த வருஷம் நவம்பர் 1 கிராம சபை தீபாவளி வந்ததால 23ஆம் தேதிக்குத் தள்ளிப் போயிருந்துச்சு, அன்னிக்கு சுத்துப்பட்டு ஊராட்சியெல்லாம் வரிசையா சுரங்கம் வேண்டாம்னு தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9 சட்டசபையில தீர்மானம், ஜனவரியில மதுரைக்கு நடந்தே போன ஊர்வலம், 2025 ஜனவரி 23ல மத்திய அரசு ஏலத்த ரத்து பண்ணுச்சு. கிராம சபைதான் நிறுத்துச்சுனு நான் சொல்ல மாட்டேன், போராட்டமும் அரசியலும் சேர்ந்துதான் நிறுத்துச்சு. ஆனா ஊர் ஊரா சட்டப்படி கூடின சபையோட நோட்டுல தேதி போட்டு எழுதினது கையில இருந்ததால, இது வெளியாளுங்க தூண்டி விட்டதுனு யாராலயும் லேசா சொல்லித் தள்ள முடியல. அது எவ்வளவு தூரம் உதவுச்சுனு அளந்து சொல்ல முடியாது, உதவுச்சுங்கிறதுல எனக்கு சந்தேகம் இல்ல.

அதே மேலூர் பக்கத்துலதான் மேலவளவு இருக்கு. அத சொல்லாம இந்தப் பேச்சு முடியாது. தலித்துகளுக்கு ஒதுக்குன ஊராட்சியில நின்னு ஜெயிச்சு தலைவரா இருந்த முருகேசனையும் கூட வந்தவங்களையும் 1997 ஜூன் 30ஆம் தேதி பஸ்ஸை மறிச்சு வெட்டிக் கொன்னாங்க. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல், இந்த நாலு ஊர்லயும் தலித் தலைவர் வரக் கூடாதுனு 1996லருந்து பத்து வருஷம் தேர்தலையே ஒழுங்கா நடத்த விடல, நின்னு ஜெயிச்சாலும் உடனே ராஜினாமா எழுதி வாங்கிடுவாங்க, 2006லதான் முறையா நடந்துச்சு. ஜனங்க ஏன் கூட்டத்துக்கு வர மாட்டேங்குறாங்கனு பேசுறப்போ விழிப்புணர்வு இல்லனு ஒரு வார்த்தையில முடிச்சிடுறோம், எனக்கு அது ஒத்துக்காது. பல ஊர்ல கூட்டம் நடக்குற இடம் கோயில் மண்டபமா இருக்கும், காலனி ஜனங்க அதுக்குள்ள ஏற மாட்டாங்க, ஏற விட மாட்டாங்க. நோட்டீஸ் ஊர்த் தெருவுல ஒட்டியிருக்கும், காலனிக்கு ஆட்டோ மைக்கு கூட போயிருக்காது. முன்னாடி தண்டோரா போட்டு சொல்வாங்க, அது அந்த ஒரு சாதிக்காரங்க தலையில கட்டுன வேலையா இருந்துச்சு, 2022ல அரசு அத நிறுத்துச்சு, நல்ல காரியம். கூட்டம் பொது இடத்துல நடக்கணும், குக்கிராமங்களுக்கு சுழற்சி முறையில மாறி மாறிப் போகணும்கிறது உங்க ஊர்ல நடக்குதானு பாருங்க. நடக்கலன்னா உங்க முதல் தீர்மானமே அதுவா இருந்தாலும் தப்பில்ல.

பொம்பளைங்க விஷயம். 2016லருந்து தமிழ்நாட்டு உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்கு. "தலைவர் அவங்க, நாற்காலியில உக்காருறது புருஷன்"னு நீங்களும் எழுதியிருக்கீங்க, உண்மைதான், நானும் நிறைய பாத்திருக்கேன், பயிற்சிக்கே புருஷன் வந்து உக்காருவாரு. ஆனா அதோட முடிவு கட்டிடாதீங்க. மேற்கு வங்காளத்துலயும் ராஜஸ்தான்லயும் ராகவேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டுஃப்லோவும் பண்ண ஆய்வு 2004ல வந்துச்சு, பெண்களுக்கு ஒதுக்குன ஊராட்சியில குடிதண்ணிக்கு அதிகமா செலவு ஆகியிருந்துச்சு, பொம்பளைங்க அதிகமா முறையிட்டதும் அதப் பத்தித்தான். நான் நேர்ல பாத்ததும் கிட்டத்தட்ட அப்படித்தான், முதல் வருஷம் புருஷன் பேசுவாரு, மூணாவது வருஷம் அந்த அம்மாவே செக்கு புக்க பூட்டி சாவிய இடுப்புல சொருகிட்டு வருவாங்க. எல்லா ஊர்லயும்னு சொல்லல, ஆனா நடந்திருக்கு.

தலைவரே இல்லாத காலம் பத்தியும் கேட்டிருந்தீங்க. 2016 அக்டோபர்ல முடிஞ்ச பதவிக்காலத்துக்கு அடுத்த ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் கடைசியிலதான் நடந்துச்சு, அதுவும் 9 மாவட்டத்துல 2021 அக்டோபர் ஆயிடுச்சு. அப்புறம் 2025 ஜனவரி 5ஓட 28 மாவட்டத்துல மறுபடி பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்தாங்க. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ தேர்தல் நடத்தணும்னு அரசியல் சட்டம் சொல்லுது, வார்டு வரையறை, இடஒதுக்கீடுனு ஒவ்வொரு தடவயும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிப் போடுறது எந்தக் கட்சி ஆண்டாலும் தப்பு, இதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. தலைவர் இருந்தாலும் 205ஆவது பிரிவுல கலெக்டர் அவர நீக்குறதுக்கு நடவடிக்கை எடுக்கலாம், எம்.எல்.ஏவுக்கோ எம்.பிக்கோ இப்படி ஒரு அதிகாரி தலைக்கு மேல உக்காந்திருக்க மாட்டாரு. அதனால தைரியமான தலைவர் கூட ஒரு அளவுக்கு மேல அதிகாரிங்கள எதிர்த்துப் பேச யோசிப்பாரு. ஆனா ஒண்ணு, தலைவர் இல்லாதப்பவும் கிராம சபை செத்துப் போகாது, வாக்காளர் பட்டியல் இருக்குற வரைக்கும் அது இருக்கு, தனி அலுவலர் கூட்டித்தான் ஆகணும்.

சரி, உங்க ரோடு. முதல்ல அது யாரோட ரோடுனு கண்டுபிடிங்க, இத நிறைய பேர் விட்டுடுறாங்க. ஊராட்சி ரோடா, ஊராட்சி ஒன்றிய ரோடா, நெடுஞ்சாலைத் துறை ரோடா. தெரியாம ரெண்டு வருஷம் தப்பான ஆபீஸ்ல நின்ன ஊர் எனக்குத் தெரியும். அதுக்கு ஒன்றிய அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபா கோர்ட்டு ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு ஆர்.டி.ஐ மனு போடுங்க, மூணு விஷயம் மட்டும் கேளுங்க, அந்த ரோடு எந்தப் பதிவேட்டுல இருக்கு, கடைசியா எந்த வருஷம் எந்த நிதியில எவ்வளவு செலவு பண்ணாங்க, போன நாலு கிராம சபையோட தீர்மான நகல். 30 நாள்ல பதில் வரணும், தப்பான ஆபீஸுக்குப் போயிருந்தா அவங்களே சரியான இடத்துக்கு அஞ்சு நாளுக்குள்ள மாத்தி விடணும்னு அதே சட்டத்துல 6(3) பிரிவு இருக்கு. பதில்ல ரோடு போட்டாச்சுனு இருந்தா ஆச்சரியப்படாதீங்க, அந்தக் காகிதத்த வச்சுக்கிட்டு அடுத்த கூட்டத்துல கேக்கலாம். "ஏன்"னு கேக்குற கேள்விய ஆர்.டி.ஐயில எழுதாதீங்க, பதில் வராது, ஆவணத்தோட நகல கேளுங்க.

தனியா போகாதீங்க. உங்க தெருவுல ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்களோட அம்மாமாரு பத்துப் பேரு வந்தா போதும், அம்பது பேரத் திரட்ட வேண்டாம், ஆனா அந்தப் பத்துப் பேரும் கடைசி வரைக்கும் இருக்கணும். மொபைல்ல தீர்மானப் பக்கத்த போட்டோ எடுத்துக்கோங்க, எடுக்கக் கூடாதுனு யாராவது சொன்னா சண்டைக்குப் போகாம, நகல் குடுங்கனு அங்கயே எழுதிக் குடுத்துடுங்க. எந்திரிச்சுப் பேசுறதால உங்க வீட்டு ரேஷன் கார்டு, வீடு கட்டுற திட்டப் பட்டியல் இதுல கை வைப்பாங்களோனு உங்க அம்மா பயப்படுறதா எழுதியிருந்தீங்க. அந்தப் பயம் வீண்னு நான் தூரத்துல உக்காந்து சொல்ல மாட்டேன், நடந்த ஊரும் உண்டு. அதனாலதான் மனுவுல முப்பது கையெழுத்துனு சொல்றேன், முதல் கையெழுத்து உங்களுது வேண்டாம், நடுவுல எங்கயாவது இருக்கட்டும்.

அடுத்த நோட்டீஸ் ஒட்டுன அன்னிக்கு அத ஒரு போட்டோ எடுத்து இங்க போடுங்க, ஊர் பேர மறைச்சுடுங்க. எந்தப் பொருளுக்குக் கீழ உங்க ரோட்ட கொண்டு வரலாம், மனுவுல என்ன வாசகம் எழுதலாம்னு பாத்துச் சொல்றேன்.